லினக்ஸ் டன் டிரைவரில் காணாமல் போன இஃப்

2009 ஜூலை மத்தியில் பிராட் ஸ்பெங்ளர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பைக் குறிவைத்து ஒரு எக்ஸ்ப்ளாய்ட்டை, அதாவது பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்ளும் நிரலை, வெளியிட்டார். கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அதை ஓட்டினால் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர், ஆகிவிடலாம். லினக்ஸுக்கு இப்படிப்பட்ட எக்ஸ்ப்ளாய்ட்கள் புதிதில்லை. ஆனால் இதில் ஒரு விநோதம் இருந்தது. ஓட்டை இருந்த ஃபங்ஷனின் சோர்ஸைத் திறந்தால், பாயிண்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) வெற்றாக, அதாவது பூஜ்யமாக, இருக்கிறதா என்று கேட்கும் சோதனை அங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருந்தது. கம்பைல் ஆகி, அதாவது ப்ராசஸருக்கான கட்டளைகளாக மாறி, வந்த பைனரியில்தான் அது இல்லை.

பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இந்தப் பக்குக்குக் கொடுக்கப்பட்ட எண் சிவிஇ-2009-1897. ஒரு இஃப் (நிபந்தனைச் சோதனை) எந்த வரியில் நிற்கிறது என்பது நிரலின் வேகத்தையும் அதன் சரி தவறையும் ஒரே நேரத்தில் எப்படி ஆட்டிவைக்கும் என்று காட்ட இதைவிடச் சிறிய கேஸ் எனக்குத் தெரிந்து கிடையாது. நான்கே வரி.

டன் என்பது மென்பொருளாலேயே ஆன ஒரு நெட்வொர்க் கார்டு. ஓபன்விபிஎன் போன்ற விபிஎன் மென்பொருள்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. அனுப்பும் பேக்கெட் கம்பியில் போகாமல் ஒரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) கைக்கு வரும். அது பூட்டி முத்திரை வைத்து வேறு வழியில் அனுப்பும். இதற்கு அந்த ப்ராசஸ் முதலில் /டெவ்/நெட்/டன் என்ற சாதனக் கோப்பைத் திறக்க வேண்டும். அப்புறம் ஒரு ஐஓகண்ட்ரோல் அழைப்பின் மூலம், திறந்த கோப்பை ஒரு இன்டர்ஃபேஸோடு இணைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. கோப்பு திறந்திருக்கும், அதன் பின்னால் டன் சாதனம் எதுவும் இருக்காது.

அந்த இடைவெளியில் யாராவது 'போல்' என்ற சிஸ்டம் காலை (கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பை)க் கூப்பிட்டால் என்ன ஆகும்? "படிக்க ஏதாவது வந்திருக்கிறதா, எழுத இடம் இருக்கிறதா" என்று கேட்கும் அழைப்பு அது. சாதனமே இல்லாததால் கெர்னலுக்குள் 'டன்' என்ற பாயிண்டர் வெற்றாக இருக்கும். அப்படியானால் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஃபங்ஷனின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது (தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், கம்பைலரிடம் கொடுத்துவிடாதீர்கள்):

    சாக் = டன்->சாக்;
    மாஸ்க் = 0;
    இஃப் (!டன்)
        ரிட்டர்ன் போல்_எரர்;

மூன்றாவது வரி கேட்கும் கேள்வி சரியானதுதான். ஆனால் முதல் வரியே அந்தப் பாயிண்டரைத் தொட்டுவிட்டது. கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

முதல் வரி அங்கே எப்படி வந்தது? 2009 தொடக்கத்தில் டன் டிரைவரில் ஒரு மேம்பாடு சேர்ந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் வரிசையில் காத்திருக்கும் பேக்கெட்களுக்கு ஒரு வரம்பு வைக்கும் வேலை அது. அதற்கு சாக்கெட் அமைப்பு (நெட்வொர்க் இணைப்பின் விவரங்களை வைத்திருப்பது) தேவைப்பட்டது, எனவே 'சாக்' என்ற மாறி வந்தது. கெர்னல் நிரலர்கள் மாறிகளை ஃபங்ஷனின் உச்சியிலேயே அறிவிப்பார்கள். இது பழைய சி மொழியிலிருந்து வந்த பழக்கம். நடுவில் அறிவித்தால் எச்சரிக்கை கொடுக்கும்படி கெர்னலைக் கம்பைல் செய்யும் விதிகள் அடங்கிய மேக்ஃபைலிலேயே ஒரு ஃபிளாக் அப்போது இருந்தது. அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பையும் போட்டுவிடுவது அடுத்த பழக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். சேர்ந்தபோது, பாயிண்டரைப் பயன்படுத்தும் வரி சோதனைக்கு மேலே ஏறிக்கொண்டது. யாரும் இஃப்பைத் தொடவில்லை. அதன் மேலே ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

கம்பைலர் போட்ட கணக்கு

சி மொழியின் தரவரையறைப்படி வெற்று பாயிண்டர் வழியாக எதையும் படிப்பது 'வரையறுக்கப்படாத நடத்தை'. அதாவது, அப்படி நடந்தால் நிரல் என்ன செய்யும் என்று மொழி எந்த உறுதியும் தராது. பலரும் இதை "நிரல் கிராஷ் ஆகும்" என்று புரிந்துகொள்கிறார்கள். கம்பைலர் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. "இது நடக்கவே நடக்காது என்று நிரலர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறது.

இனி கெர்னலைக் கம்பைல் செய்யும் ஜிசிசி என்ற கம்பைலரின் பார்வையில் அந்த நான்கு வரிகளைப் படியுங்கள். முதல் வரியில் 'டன்' வழியாக ஒரு மதிப்பு படிக்கப்படுகிறது. எனவே 'டன்' வெற்றாக இருக்க முடியாது. மூன்றாவது வரி, 'டன்' வெற்றா என்று கேட்கிறது. இருக்க முடியாது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எனவே இந்தக் கேள்விக்கு விடை எப்போதும் 'இல்லை'. எப்போதும் ஒரே விடை தரும் கேள்விக்கு எதற்கு ஒரு ஒப்பீடும் ஒரு தாவலும்? தூக்கு.

ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் ஜிசிசி இதைத் தானாகவே செய்யும். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கம்பைலரைப் பொறுத்தவரை அது தவறு எதையும் காணவில்லை. தேவையில்லாத வேலை ஒன்றைக் கண்டு நீக்கியது.

இதற்காக ஜிசிசியைத் திட்டியவர்கள் அன்று நிறைய. அந்தத் திட்டில் பாதிதான் நியாயம் என்பது என் கட்சி. இந்த ஆப்டிமைசேஷன் ஏன் இருக்கிறது என்று பாருங்கள். சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் தன்னிடம் வரும் பாயிண்டரைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அவற்றையெல்லாம் இன்லைன் செய்து ஒரே பெரிய ஃபங்ஷனாக விரிக்கும்போது, ஒரே பாயிண்டரை ஐந்து முறை "நீ வெற்றா, நீ வெற்றா" என்று கேட்கும் கோட் கிடைக்கிறது. நடுவில் அதைப் பயன்படுத்தியும் ஆகிவிட்டது. மிச்சக் கேள்விகளை நீக்குவதில் என்ன தப்பு? லூப்புக்குள் இப்படிப்பட்ட சோதனைகள் போனால், அந்த லூப்பை வெக்டர் கட்டளைகளாக (பல மதிப்புகளில் ஒரே நேரத்தில் வேலை செய்பவை) மாற்றவும் வழி பிறக்கும். சாதாரண நிரல்களுக்கு இது நல்ல விதி.

கெர்னலுக்கு அல்ல. ஏனென்றால் அந்தக் கணக்கின் அடியில், எழுதப்படாத இன்னொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பூஜ்ய முகவரியைத் தொட்டால் நிரல் எப்படியும் விழுந்துவிடும் என்பது.

பூஜ்யத்தில் ஒரு பக்கம்

சாதாரணமாக மெமரியின் முதல் பக்கத்தில் (பூஜ்ய முகவரியில் தொடங்கும் துண்டில்) எதுவும் இருக்காது. வெற்று பாயிண்டரைத் தொட்டால் ப்ராசஸர் ஃபால்ட் என்ற பிழையை எழுப்பும், கெர்னல் 'ஊப்ஸ்' என்று புலம்பும். டன் டிரைவரிலும் அப்படி விழும் என்பது முன்பே தெரிந்ததுதான். எக்ஸ்ப்ளாய்ட் வெளியாகும் முன்பே, வெறும் கிராஷ் என்ற பெயரில் அந்தப் பக்குக்குத் திருத்தம் வந்துவிட்டது. கிராஷ் என்றால் தொல்லை. ரூட் என்பது வேறு ஜாதி.

ஆனால் அன்றைய லினக்ஸில் கெர்னலும் பயனர் ப்ராசஸும் ஒரே முகவரி வெளியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரு ப்ராசஸ், மெமரியை ஒதுக்கிக்கொள்ள உதவும் எம்மேப் அழைப்பைப் பயன்படுத்தி பூஜ்ய முகவரியில் உண்மையான ஒரு பக்கத்தை வைத்துவிட்டால், கெர்னல் வெற்று பாயிண்டரைத் தொடும்போது ஃபால்ட் வராது. தாக்குபவர் எழுதி வைத்ததைக் கெர்னல் சமர்த்தாகப் படித்துக்கொள்ளும். இதைத் தடுக்கவே 2.6.23 கெர்னலில், தாழ்ந்த முகவரிகளைப் பயனர்கள் மேப் செய்யக் கூடாது என்ற வரம்பு வந்தது. அதில் இரண்டு சந்துகள் இருந்தன. பல டிஸ்ட்ரிபியூஷன்களில் (லினக்ஸ் வெளியீடுகளில்) ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ ரூட் உரிமையோடு தொடங்கும்படி நிறுவப்பட்டிருந்தது. அதற்குள் தன் சொந்த லைப்ரரியைப் பயனரே ஏற்ற முடிந்தது, பூஜ்யப் பக்கமும் அந்த வழியாகக் கிடைத்தது. இன்னொன்று எஸ்இலினக்ஸ். பாதுகாப்பைக் கூட்டுவதற்காகவே இருக்கும் அந்த அமைப்பு, தன் வழக்கமான பாலிசியில் பூஜ்யப் பக்கத்தை அனுமதித்துக்கொண்டிருந்தது. அதை இயக்கி வைத்தவர்களின் கணினியில் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருந்தது.

இங்கேதான் இஃப்பின் இடம் உயிர்நாடி ஆகிறது. பூஜ்யப் பக்கம் மேப் ஆகியிருக்கும் கணினியில், முதல் வரி ஃபால்ட் இல்லாமல் தாண்டிவிடும். அடுத்து அந்தச் சோதனை மட்டும் பைனரியில் உயிரோடு இருந்திருந்தால், 'டன்' வெற்று என்று கண்டு பிழையைத் திருப்பி அனுப்பியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இடம் மாறி நின்றாலும் அது காப்பாற்றியிருக்கும்! நிரலரின் தவறு தனியாக ஒரு கிராஷ்தான். கம்பைலர் நீக்கியதும் தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. இரண்டும் சேர்ந்தபோது கெர்னல் ஒரு பொய்யான டன் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நடந்தது.

ஒரே இஃப்புக்குள் மூன்று வேலை

மேலே நடந்து எங்கே போனது? அதே ஃபங்ஷனில் இன்னும் சில வரிகள் கீழே இன்னொரு இஃப் இருக்கிறது. இந்தக் கேஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு முதல் இஃப்பைவிட இதுதான் சுவை.

    இஃப் (எழுதலாமா(சாக்) ||
          (!பிட்டை_வை(இடமில்லை, &சாக்->சாக்கெட்->ஃபிளாக்ஸ்) &&
           எழுதலாமா(சாக்)))
        மாஸ்க் |= எழுதத்_தயார்;

ஒரே கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது. நடுவில் ஒரு பிட் வைக்கப்படுகிறது. முதல் பார்வையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது போல இருக்கும். அப்படியில்லை. நெட்வொர்க் கோடில் புழங்கியவர்களுக்குப் பழக்கமான அமைப்பு இது.

வலது பக்கத்திலிருந்து தொடங்குவோம். பஃபரில் (தரவு காத்திருக்கும் மெமரியில்) இடம் இல்லை என்றால், "இடம் கிடைத்ததும் என்னை எழுப்பு" என்று ஒரு ஃபிளாக்கை வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். ஆனால் "இடம் இல்லை" என்று நாம் பார்த்ததற்கும் ஃபிளாக் வைத்ததற்கும் நடுவில் ப்ராசஸரின் இன்னொரு கோர் பஃபரைக் காலி செய்திருக்கலாம். காலி செய்தவர் ஃபிளாக் இருக்கிறதா என்று பார்த்திருப்பார், இல்லை, எனவே யாரையும் எழுப்பாமல் போயிருப்பார். அடுத்து நாம் ஃபிளாக் வைத்துத் தூங்கினால், இடம் இருந்தும் எழாமல் கிடப்போம். அதனால் ஃபிளாக் வைத்த பிறகு ஒரு முறை மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. சரித்தன்மைக்காக மட்டும் என்றால் "பிட்டை வை, பிறகு எழுதலாமா என்று கேள்" என்பதே போதும்.

அப்படியானால் இடது பக்கத்தில் இன்னொரு முறை கேட்பது எதற்கு? வேகத்துக்கு. பிட்டை வைப்பது அணுச்செயல், அதாவது நடுவில் வேறு கோர் குறுக்கிட முடியாத செயல்; எக்ஸ்86 ப்ராசஸரில் லாக் முன்னொட்டோடு வரும் கட்டளை. அந்த மெமரி வரி வேறு கோரின் கேஷில் (அருகிலிருக்கும் வேக மெமரியில்) இருந்தால் அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். வெறும் படித்தலைவிட இது பல மடங்கு செலவு. பெரும்பாலான நேரம் பஃபரில் இடம் இருக்கும். முதலில் மலிவான கேள்வியைக் கேட்டு விடை 'ஆமாம்' என்றால், || (அல்லது) இருப்பதால் மிச்சம் ஓடவே ஓடாது.

எனவே இந்த மூன்று துண்டுகளில் எதையும் இடம் மாற்ற முடியாது. முதலாவதை எடுத்தால் வேகம் போகும், கடைசியை எடுத்தால் எப்போதாவது ஒரு ப்ராசஸ் காரணம் தெரியாமல் தொங்கும். "இரண்டு முறை ஒரே கேள்வியா, சுத்தம் செய்கிறேன்" என்று புதிதாக வந்த ஒருவர் கை வைத்தால், அவருடைய கணினியில் எல்லா டெஸ்ட்களும் பாஸ் ஆகும். சர்வரில், கூட்ட நேரத்தில், மாதம் ஒரு முறை ஏதோ நிற்கும். நிபந்தனைக்குள் பக்கவிளைவுள்ள செயலை வைக்கக் கூடாது என்று பாடம் எடுப்பவர்களோடு பொதுவாக எனக்கு ஒத்துப்போகும். இங்கே அந்த விதி செல்லாது. ஆனால் மேலே இரண்டு வரிக் கமெண்ட் இருந்திருக்கலாம்.

சரி, தாக்குபவருக்கு இது எப்படி உதவியது? 'சாக்' இப்போது அவர் கையில். போலி அமைப்பில் எண்களைப் பொருத்தி, முதல் "எழுதலாமா"வுக்கு 'இல்லை' என்று விடை வரச் செய்வார். அடுத்தது பிட்டை வைக்கும் செயல். எந்த முகவரியில்? 'சாக்' வழியாகப் போய் எடுக்கும் முகவரியில், அதாவது தாக்குபவர் எழுதிவைத்த முகவரியில். கெர்னல் மெமரியில் எங்கு வேண்டுமானாலும் ஒரே ஒரு பிட்டை, அதுவும் கடைசி பிட்டை, 1 ஆக்கும் அதிகாரம் கிடைத்துவிட்டது.

ஒரு பிட்டை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் அட்டவணை உண்டு: திறக்க எந்த ஃபங்ஷன், படிக்க எது, எம்மேப் செய்ய எது என்று முகவரிகள் வரிசையாக இருக்கும். டன் டிரைவர் எம்மேப்பை ஆதரிப்பதில்லை, எனவே அந்தக் கட்டத்தில் பூஜ்யம். எக்ஸ்ப்ளாய்ட் அந்தக் கட்டத்தின் கடைசி பிட்டை 1 ஆக்கியது. அப்புறம் அதே கோப்பின் மேல் எம்மேப் அழைத்தது. கெர்னல் இங்கேயும் ஒரு இஃப் வைத்திருக்கிறது: இந்த டிரைவருக்கு எம்மேப் ஃபங்ஷன் இருக்கிறதா, இல்லையென்றால் பிழை. கட்டத்தில் பூஜ்யம் இல்லை, 1 இருக்கிறது. 'இருக்கிறது' என்று விடை வந்து, கெர்னல் தன் முழு அதிகாரத்தோடு முகவரி 1க்குத் தாவியது. முகவரி 1 இருப்பது பூஜ்யப் பக்கத்தில். அங்கே தாக்குபவரின் கோட் காத்திருந்தது. கெர்னல் நிலையில் ஓடும்போது பயனர் பக்கத்திலிருந்து கட்டளைகளை எடுக்கவிடாத எஸ்எம்இபி என்ற தடுப்பு இன்டெல்லில் வந்தது 2012இல், ஐவி பிரிட்ஜ் ப்ராசஸரோடு. அன்று தடுக்க ஆளில்லை.

அதாவது ஒரு இஃப் நீக்கப்பட்டது, இன்னொன்றின் உள்ளே இருந்த எழுத்துச்செயல் ஆயுதமானது, மூன்றாவது ஒன்று "பூஜ்யம் இல்லையென்றால் நல்லதுதான்" என்று நம்பி ஏமாந்தது.

திருத்தம் சின்னது. 'சாக்'கை உச்சியில் வெறுமனே அறிவித்துவிட்டு, மதிப்பிடும் வரியை இஃப்புக்குக் கீழே இறக்கினார்கள். கூடவே, வெற்று பாயிண்டர் சோதனைகளை நீக்காதே என்று ஜிசிசிக்குச் சொல்லும் ஃபிளாக் அதே ஜூலையில் கெர்னலின் மேக்ஃபைலில் ஏறியது. பல்ஸ்ஆடியோ, எஸ்இலினக்ஸ் சந்துகளும் தனித்தனியாக அடைக்கப்பட்டன.

நீக்கியதில் எவ்வளவு மிச்சம்?

அந்தச் சோதனையை நீக்கியதால் டன் டிரைவர் எவ்வளவு வேகமாகியிருக்கும்? நடைமுறையில் எதுவும் இல்லை. ஒரு ஒப்பீடு, ஒரு தாவல், இரண்டு கட்டளைகள். அதுவும் சிஸ்டம் கால் ஒன்றின் நடுவில். கெர்னலுக்குள் நுழைந்து வெளியேறுவதற்கு ஆகும் செலவின் முன் இது தூசு. மேலும் அந்த இஃப் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். அப்படிப்பட்ட கிளையைப் ப்ராசஸர் மிகச் சரியாக ஊகித்துவிடும்.

ஒரு இஃப் எவ்வளவு செலவு என்பதை எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, அதன் விடையை முன்கூட்டி ஊகிக்க முடியுமா என்பதே தீர்மானிக்கிறது. இன்றைய ப்ராசஸர்கள் நிபந்தனையின் விடை வரும்வரை காத்திருப்பதில்லை. இந்தப் பக்கம்தான் போகும் என்று ஊகித்து ஓடிக்கொண்டே இருக்கும். ஊகம் பலித்தால் இஃப் ஏறக்குறைய இலவசம். தப்பினால், செய்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நவீன டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் தோராயமாக 15 முதல் 20 சைக்கிள் (ப்ராசஸரின் கடிகாரத் துடிப்பு) போகும்.

2012இல் பரவலாகப் பேசப்பட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டும். 0 முதல் 255 வரையிலான 32,768 தற்செயல் எண்கள். 128க்குக் குறையாதவற்றை மட்டும் கூட்டும் ஒரு லூப். அதை ஒரு லட்சம் முறை ஓட்டினார்கள். எண்கள் கலைந்து கிடந்தபோது சி++ நிரல் 11.54 வினாடி எடுத்தது. அதே எண்களை முன்கூட்டி வரிசைப்படுத்திவிட்டு ஓட்டினால் 1.93 வினாடி. லூப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கூட்டல்களின் எண்ணிக்கையும் அதேதான். வரிசைப்படுத்திய பிறகு இஃப்பின் விடை முதல் பாதி முழுக்க 'இல்லை', அப்புறம் முழுக்க 'ஆமாம்'. ப்ராசஸர் ஒரு முறை தடுமாறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். கலைந்து கிடந்தால் ஒவ்வொன்றும் பூவா தலையா.

அதே லூப்பை ஜிசிசியில் ஓ3 நிலையில் கம்பைல் செய்தவர்கள் வித்தியாசமே இல்லை என்று கண்டார்கள். தாவலை நீக்கிவிட்டு, நிபந்தனைப்படி மதிப்பை நகர்த்தும் கட்டளையாகக் கம்பைலர் மாற்றிவிட்டது. சோர்ஸில் இஃப் இருக்கிறது, பைனரியில் கிளை இல்லை. இங்கே அது நல்ல காரியம், ஏனென்றால் விடை இரண்டு வழியிலும் ஒன்றே. டன் டிரைவரில் நடந்ததும் வெளித்தோற்றத்துக்கு இதே மாதிரிச் செயல்தான். ஆனால் அங்கே விடை மாறியது. "கம்பைலர் என் இஃப்பை அப்படியே வைத்திருக்கும்" என்ற நம்பிக்கைக்கு எந்த இடத்திலும் அடிப்படை கிடையாது. முடிவு மாறாது என்று மட்டும்தான் அது வாக்களிக்கிறது, அதுவும் நாம் மொழியின் விதிக்குள் நிற்கும்வரை.

இந்த வகை நீக்கல் டன் டிரைவரோடு நின்றுவிடவில்லை. முழு எண் வழிந்ததா (தனக்குரிய எல்லையை மீறியதா) என்று பார்க்க "எண்ணோடு 100 கூட்டினால் குறைகிறதா" என்று கேட்கும் பழைய பாணிச் சோதனையை ஜிசிசி நீக்குகிறது என்று 2007லேயே ஒரு பக் பதிவாகி, பெரிய வாக்குவாதம் நடந்தது. குறியுள்ள எண் வழிவதும் வரையறுக்கப்படாத நடத்தை என்பதால் கம்பைலர் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. 2013இல் எம்ஐடி ஆய்வாளர்கள் நால்வர், கம்பைலர் இப்படி நீக்கிவிடக்கூடிய நிபந்தனைகளைத் தேடும் ஸ்டாக் என்ற கருவியை உருவாக்கினார்கள். பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் அது புதிதாகக் கண்டுபிடித்து, நிரலர்களும் ஒப்புக்கொண்டு திருத்திய பக்குகள் 160. அவர்கள் பார்த்த, டெபியன் வீசி என்ற லினக்ஸ் வெளியீட்டின் தொகுப்புகளில், சி அல்லது சி++ கோட் உள்ளவற்றில், ஏறக்குறைய 40 சதவீதத்தில் இப்படி ஒரு இடமாவது இருந்தது.

அடுத்த ஆண்டே ஆப்பிளின் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்பு) கோடில் இஃப் சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில், அடைப்புக்குறி இல்லாத ஒரு இஃப்பின் கீழே "கோ-டூ ஃபெயில்" என்ற வரி இரண்டு முறை ஒட்டப்பட்டிருந்தது. முதல் வரி மட்டும்தான் இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது எப்போதும் ஓடும். அந்த நேரத்தில் பிழை மாறியில் 0, அதாவது 'எல்லாம் சரி' என்று இருந்ததால், கையொப்பத்தைச் சோதிக்காமலேயே 'சரி' என்று திரும்பியது. 2014 பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 இதற்காகவே வந்தது. கீழே இருந்த சரிபார்ப்பு வரிகள் ஓடவே முடியாதவை என்பது கம்பைலருக்குத் தெரியும். ஓடாத கோடை அது வழக்கம்போல் ஓசையில்லாமல் விட்டுவிட்டது. இப்படி உள்தள்ளல் ஒன்று சொல்ல, இலக்கணம் வேறொன்று சொன்னால் எச்சரிக்கும் வசதி ஜிசிசி 6இல், 2016இல்தான், வழக்கமான எச்சரிக்கைகளோடு சேர்ந்தது.

இஃப் இருந்தும் தாண்டிய கதை

டன் பக்குக்கு ஒன்பது ஆண்டு கழித்து அதே கெர்னல் இதற்கு நேர் எதிரான சிக்கலில் மாட்டியது. 2018 ஜனவரி தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதன் முதல் வகையில் நிரலரின் மேல் தவறே இல்லை. "குறியீட்டு எண் அணியின் நீளத்துக்குள் இருக்கிறதா" (வரிசையில் இல்லாத இடத்தைக் கேட்கவில்லையே) என்ற இஃப் சரியான இடத்தில் இருக்கிறது, பயன்பாட்டுக்கு மேலே. கம்பைலரும் நீக்கவில்லை. ஆனால் ப்ராசஸர், நூறு முறை 'ஆமாம்' என்றதால் நூற்றியோராவது முறையும் 'ஆமாம்'தான் என்று ஊகித்து, இஃப்பின் விடை வரும் முன்பே அணியின் எல்லைக்கு வெளியே படித்துவிடுகிறது. ஊகம் தவறு என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறது. கேஷில் எந்த வரி ஏறியது என்ற தடயத்தைத் தவிர. அந்தத் தடயத்தை நேரம் அளந்து படிக்கலாம். வரிசைப்படுத்திய அணியில் பல வினாடிகளை மிச்சப்படுத்திய அதே ஊகம்.

கெர்னல் நிரலர்கள் கண்ட வழி, கேட்பதைக் கிளையே இல்லாமல் கேட்பது. குறியீட்டு எண்ணையும் நீளத்தையும் ஒப்பிட்டு, உள்ளே இருந்தால் எல்லா பிட்டும் 1, வெளியே இருந்தால் எல்லாம் 0 என்று ஒரு முகமூடி எண்ணைக் கணக்குப் போட்டு உண்டாக்கி, குறியீட்டு எண்ணோடு ஆண்ட் (இரண்டிலும் 1 இருக்கும் பிட்டை மட்டும் 1 ஆக வைக்கும் செயல்) செய்துவிடுகிறார்கள். எல்லை மீறினால் குறியீடு 0 ஆகிவிடும். ஊகிக்கக் கிளை இல்லை, எனவே தாண்டிப் போகவும் இடமில்லை. இஃப்பும் மேலே அப்படியே இருக்கும். சரித்தன்மைக்கு அது, ஊக ஓட்டத்துக்கு இது. எக்ஸ்86இல் இந்த முகமூடியைச் சி மொழியில் எழுதாமல், ஒப்பிடு, கடனோடு கழி என்று இரண்டே அசெம்பிளி கட்டளைகளாக எழுதியிருக்கிறார்கள். சியில் எழுதினால் கம்பைலர் "அட, இது வெறும் இஃப்தானே" என்று கண்டுபிடித்து மறுபடி ஒரு கிளையாக மாற்றிவிடலாம்.

டன் டிரைவரில் இருந்தது போன்ற, பயன்படுத்திய பிறகு வரும் சோதனையைப் பிடிக்க இன்று கருவிகள் உண்டு. கெர்னலுக்காக எழுதப்பட்ட ஸ்மேட்ச் "பயன்படுத்திய பிறகு சோதிக்கிறாய்" என்றே சொல்லும். கவரிட்டியிலும் இதற்கென்று ஒரு சோதிப்பான் இருக்கிறது. இரண்டுமே நம்பியிருப்பது ஒரு எளிய தர்க்கத்தை: நிரலர் சோதனை எழுதியிருக்கிறார் என்றால் அந்தப் பாயிண்டர் வெற்றாக இருக்கக்கூடும் என்று அவரே நினைக்கிறார். ஜிசிசி அதே இரண்டு வரிகளிலிருந்து தலைகீழ் முடிவுக்கு வந்தது.

சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் அந்த ஃபிளாக் இன்றும் கெர்னலின் மேக்ஃபைலில் இருக்கிறது. பூஜ்ய முகவரியில் நிஜமான மெமரி இருக்கக்கூடிய ஏவிஆர், எம்எஸ்பி430 போன்ற சிறு ப்ராசஸர்களுக்கு ஜிசிசி இந்த ஆப்டிமைசேஷனை முழுக்க நிறுத்தி வைக்கிறது. நம் மேசைக் கணினியில் ஓடும் சாதாரணச் சி நிரலுக்கு, ஓ2 போட்டால், அது இப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.